வயருக்கு வயர்

சாவி மூன்றாம் முறையும் திரும்பியது. செல்ஃப் மோட்டார் எடுக்கவில்லை.

"ஏன் பாய், நீ மாட்டுனது வயரா, வாழநாரா?" என்றான் வேன் ஓட்டும் செல்லச்சாமி, உப்பளச் சாலையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படியாக.

பாக்கருக்குக் காதுமடல் சுட்டது.

முப்பத்தோராண்டுகளில் அவர் கைபட்ட வண்டி எதுவும் நடுவழியில் நின்றதில்லை. வாலிநோக்கத்து உப்புக்காற்று அரித்துத் தின்ற அந்தப் பழைய வேனின் வயர்களை ஒன்றுவிடாமல் உருவி, எது எங்கிருந்து எங்கே போகிறது என்று நோட்டில் வரைந்து, அதே போக்கில் புதியவற்றை மாட்டி முந்தாநாள்தான் ஒப்படைத்திருந்தார்.

பழையதில் இருந்த எதையும் விடமாட்டார். இல்லாத எதையும் சேர்க்கமாட்டார். தொழிலில் அவர் வைத்திருந்த ஒழுங்கு அது.

வேனுக்குள் வேலை முடிந்த உப்பளத்துப் பெண்கள் பதினொரு பேர் வீடு திரும்பக் காத்திருந்தார்கள். செல்லச்சாமியின் மனைவி துர்காதேவியும் அவர்களில் ஒருத்தி. ஓட்டுநர் இருக்கைக்கு நேர் பின்னால் அமர்ந்து, தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாக்கர் பேட்டரி முனைகளை ஆட்டிப் பார்த்தார். இறுக்கமாகவே இருந்தன. ஃபியூஸ்களில் பழுதில்லை. ஹாரன் அலறியது. முன்விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. செல்ஃப் மோட்டாருக்கு மட்டும் மின்சாரம் வரவில்லை.

பெரியபட்டினத்துக் கடையை மூடிவிட்டுக் கருவாடு விற்கப் போகும்படி செல்லச்சாமி யோசனை சொன்னான். டீக்கடை வாசலில் சிரிப்பு எழுந்தது.

பாக்கர் பல்லைக் கடித்தார். பழுதைக் கண்டுபிடித்து, இதே கூட்டத்தின் முன்னால் இந்த வாயை அடைக்காமல் அவர் போகப்போவதில்லை.

டார்ச்சோடு ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே தலையை விட்டார். செல்லச்சாமி அவர் முதுகின்மேல் கவிந்து நின்று ஏசினான். பிராந்தி நெடி பிடரியில் இறங்கியது.

கண்டுபிடித்துவிட்டார்.

ஆனாலும் சற்று நேரம் நிமிரவில்லை.

"என் வேலதான் தப்பு," என்றார் எழுந்து. "இன்னிக்கு இது ஓடாது. காலைல வந்து சரி பண்ணித் தாரேன்."

கூட்டம் கைகொட்டியது. செல்லச்சாமி காறித் துப்பிவிட்டு, சாவியைச் சுழற்றியபடி டீக்கடைப் பக்கம் தள்ளாடிப் போனான்.

பெண்களில் ஒருத்திகூட முணுமுணுக்கவில்லை. தூக்குவாளிகளை எடுத்துக்கொண்டு இறங்கி, பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள். துர்காதேவி கடைசியாகப் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை.

பாக்கர் டார்ச்சைப் பைக்குள் போட்டு, பையை ஓங்கி அடித்து மூடினார்.

பழைய வயரிங்கில், இருக்கைக்கு அடியில், செல்ஃப் மோட்டாருக்குப் போகும் வயரின் நடுவே ஒரு சிறிய கறுப்புச் சுவிட்ச் இருந்தது. திருட்டுக்குப் பயந்து செல்லச்சாமி வைத்ததாக நினைத்து, அதையும் அதே இடத்தில் மாட்டியிருந்தார். பின்னிருக்கையிலிருந்து கை எட்டும் இடம்.

இன்று அது அணைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் ஒரு பெருவிரல் தடம், ஈர உப்பாகப் பதிந்திருந்தது.

நிமிர்வதற்கு முன்பு, அதை அவர் சட்டை நுனியால் துடைத்திருந்தார்.