ஃப்ரிட்ஜ் மேலே ஓர் இடம்

பட்டாணி என்ற பூனைக்குட்டிக்கு அன்றோடு ஒரு வயது நிறைந்தது. அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு: பெரிய பூனைத் தீனி தின்கிறவருக்குத்தான் ஃப்ரிட்ஜ் மேலே இடம். சட்டம் போட்டது, ஃப்ரிட்ஜ் மேலேயே படுத்துக் கிடக்கும் மிராசு என்ற கிழட்டுக் கடுவன் பூனை. பெரிய தீனி கசக்கும், கல்லாட்டம் இருக்கும் என்று வேறு அது பயமுறுத்தி வைத்திருந்தது.

"மாமா, இன்னைக்கு நான் பெரிய தீனி சாப்பிடப் போறேன். நல்லாப் பாத்துக்குங்க."

வாலைக் கொடிமரமாக நிமிர்த்திக்கொண்டு, கண்ணை இறுக மூடி, ஒரு வாய் மென்றது பட்டாணி. நேற்றுத் தின்ற மாதிரியேதான் இருந்தது.

மிராசு வயிறு குலுங்கச் சிரித்தது. "அட அசடே! உனக்கு வயிறு கெட்டுடக் கூடாதுன்னு வீட்டம்மா பத்து நாளா குட்டித் தீனியோட இதைக் கொஞ்சம் கொஞ்சமா கலந்துதான் வச்சாங்க. பத்து நாளா தின்னதுக்கு இன்னைக்கு என்னடா இவ்வளவு பெருமை?"

பட்டாணி நிதானமாக மீசையை நக்கிக்கொண்டது. சமையல் மேடைக்கு ஒரு தாவல், அங்கிருந்து ஃப்ரிட்ஜுக்கு ஒரு தாவல்.

"அப்போ பத்து நாளா என் இடத்துலயும் சேர்த்துப் படுத்திருக்கீங்களா மாமா? கொஞ்சம் தள்ளுங்க."