ஃபேமிலியில் ஒருத்தன்

வீட்டுக்கு யார் வந்தாலும் ஆல்பர்ட் சார் தன் நாயைக் காட்டி, "சொக்கனும் எங்க ஃபேமிலிதான்" என்பார்.

"ஃபேமிலின்னா என்னக்கா?" என்று சொக்கன் கூண்டுக்கிளியைக் கேட்டது. சார் பிள்ளைகளுக்கு நடத்தும் இங்கிலீஷ் பாடமெல்லாம் கிளிக்கு மனப்பாடம்.

"ஒரே வீட்ல இருக்கிற எல்லாரையும் சேர்த்துச் சொல்றதுடா. எத்தனை பேர் இருந்தாலும் அந்த ஒரு சொல் போதும்."

அன்று முழுக்க சொக்கனின் வால் ஓயவில்லை.

வீடு மாற்றும் நாள் வந்தது. கட்டில், கிரைண்டர், கால் உடைந்த நாற்காலி, கிளிக்கூண்டு எல்லாம் வேனில் ஏறின. கடைசியாக மனைவி, பிள்ளைகளோடு சாரும் ஏறினார்.

"எல்லாரும் ஏறியாச்சா சார்?" என்றார் டிரைவர்.

"ஃபேமிலி மொத்தமும் ஏறியாச்சு. எடுங்க."

வாசலில் நின்ற சொக்கன், வேன் நகர்ந்ததும் பின்னாலேயே ஓடியது.

"அக்கா! அர்த்தத்தை இன்னொரு தடவை சொல்லுக்கா!"