ஒரு மத்தாப்புகூட

தமயந்தியின் மகனுக்குக் கல்லூரி முதல் வருடத்திலேயே இரண்டு கண்ணும் மங்கிவிட்டன.

"செல்லுக்குச் சக்தி குடுக்கிற மைட்டோகாண்ட்ரியாவுல கோளாறும்மா. அது தாய் வழியாத்தான் வரும்," என்றார் டாக்டர். "உங்க அம்மா பக்கம் யாருக்காவது இப்படிச் சின்ன வயசுல பார்வை போயிருக்கா?"

"எங்க மாமாவுக்குப் போச்சு. ஆனா அது தீபாவளி வெடி பட்டுப் போன கண்ணு."

பெண் பார்க்க வந்தவர்களிடமும் அம்மா அப்படித்தான் சொன்னாள். அந்த வெடியைச் சொல்லியே தமயந்தியை ஒரு மத்தாப்புகூடத் தொடவிட்டதில்லை. தீபாவளிதோறும் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஊர் கொளுத்துவதைப் பார்த்து வளர்ந்தவள் அவள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவை, நீயே சொல் என்பதுபோல் பார்த்தாள். அம்மா பேரனின் கையை மெல்ல விட்டாள்.

"மாமா முகத்துல ஒரு தழும்பாவது பார்த்திருக்கியாடி?"