கையில் உள்ள வேலை முடியட்டும்

ஸ்டூல் சரிந்து விழுந்தது. நான் பரண் விளிம்பைப் பிடித்துத் தொங்கினேன்.

"என்னங்க! சீக்கிரம் வாங்க!"

அடுப்பு மேடையருகே என் கணவர் செழியன் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. அவர் மணிக்கட்டுப் பட்டையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. என் குரலைப் பட்டை வாங்கி வைத்திருக்கிறது, பூண்டு முடிந்த பிறகுதான் அவருக்குக் கேட்கும் என்று அர்த்தம்.

அதை வாங்கி மாட்டியதே நான்தான். முன்பெல்லாம் கூப்பிட்டால் போதும், செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவார். சட்டைமேல் சூடான இஸ்திரிப் பெட்டி கிடக்கும், கல்லில் தோசை கருகும்.

"யோவ், விழப் போறேன்யா!"

அவர் நிதானமாக இன்னொரு பல்லை எடுத்தார். என் விரல்கள் நழுவின. கணுக்கால் மடங்க விழுந்தேன்.

கடைசிப் பல்லையும் உரித்து முடித்தார். விளக்கு பச்சையானது.

"கூப்பிட்டியா, மங்கை?"

"எத்தனை தடவை கத்தினேன்!"

"ரெண்டு தடவைன்னுதானே பட்டையில காட்டுது?"

"முதல்ல அதைக் கழட்டி எறிங்க! ஐஸ் கொண்டு வாங்க!"

பட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார். ஃபிரிட்ஜைத் திறந்து ஐஸ் தட்டை எடுத்தார். அதற்குள் கால் விண்ணென்று தெறித்தது. "அம்மா!" என்று முனகினேன்.

அடுத்த நொடி என் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். "என்னம்மா, ரொம்ப வலிக்குதா?"

அவர் கை வெறுமையாக இருந்தது. பின்னால் ஃபிரிட்ஜ் திறந்து கிடந்தது. ஐஸ் கட்டிகள் சமையலறை முழுக்க உருண்டு ஓடின.

நான் எட்டி அந்தப் பட்டையை எடுத்தேன்.

"கையை நீட்டுங்க."

நானே மாட்டிவிட்டேன்.

"இப்ப போய் ஐஸ் எடுத்துட்டு வாங்க."