தலைவாழை இலையில் ஒரு மெயில்

"ஒரு தலைவாழை இலை அளவு இடத்துல, பத்துப் பெட்டி மெயிலை முழு வேகத்துல திருப்பிக் காட்டறேன். ஒரு சக்கரம் இறங்காது. பாக்கறீங்களா?"

மயிலாப்பூரில், சித்திரைக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், தன் வீட்டுக் கூடத்தில் சிதம்பரநாதன் இப்படி முழங்கியபோது, காபி குடித்துக்கொண்டிருந்த பீர் முஹம்மதுவுக்குப் புரையேறியது.

முப்பத்திரண்டு வருஷம் நிஜ ரயில் ஓட்டியவர் சிதம்பரநாதன். அதே முப்பத்திரண்டு வருஷம் தண்டவாளத்தைக் கட்டிக் காத்த இன்ஸ்பெக்டர் பீர் முஹம்மது. இருவரும் ஓய்வு பெற்று எதிரெதிர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவர்களுடைய சண்டை மட்டும் இன்னும் சர்வீஸில் இருந்தது.

இப்போது சண்டை, கூடத்தில் ஐந்தடிக்கு மூன்றடிப் பலகை மேல் ஓடும் பொம்மை ரயிலைப் பற்றி. தண்டவாளத்தைச் சிதம்பரநாதனே வளைத்து, குண்டூசிப் பருமன் ஆணிகளால் அடித்திருந்தார். கப்பலில் வேலை பார்க்கும் மருமகன் ஹாம்பர்க்கிலிருந்து வாங்கி வந்த புது இன்ஜினுக்குப் பத்துப் பெரிய சக்கரம். அது ராஜா மாதிரி கிளம்பும், வளைவுக்கு வரும், குப்புற விழும். ஒரே வாரத்தில் எழுநூறு தடவை விழுந்ததாகத் தெருவில் பேச்சு. ஐம்பது முன்னே பின்னே இருக்கலாம்.

"இன்னா டிரைவர் சார், இன்ஜின் நீளம், வளைவு குறுகல். உள்பக்கத் தண்டவாளத்தைக் கால் நூல் தள்ளி அடிச்சா, சக்கரத்துக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். இதுகூடவா தெரியாது?"

"தண்டவாளக்காரர் சொல்லி டிரைவர் கேக்கறதா? ஒரு ஆணியைத் தொட மாட்டேன். எல்லாம் கைப்பக்குவம் பாய், கைப்பக்குவம்!"

"அப்போ கவுந்துகினேதான் இருக்கும். ஓடிச்சுன்னு ஊரே சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்."

ஓரமாக உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்த சிதம்பரநாதனின் மனைவி பங்கஜம் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள். "நல்லா சொல்லுங்க பாய். கூடத்துல காலை நீட்ட இடமில்ல. இந்த ரயில் ஒழிஞ்சா திருப்பதிக்கு நடந்தே வரேன்னு வேண்டிக்கிட்டிருக்கேன்."

சிதம்பரநாதனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து நின்று வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. பத்து ரவுண்டு. ஒரு சக்கரம் இறங்கினாலும் எல்லாத்தையும் மூட்டை கட்டிப் பரண்ல போட்டுடறேன். அப்புறம் பங்கஜம், காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் சமையல்கட்டுல உன் பக்கத்துலயே நின்னு ஒத்தாசை பண்றேன். திருப்திதானே?"

எந்தப் புருஷனும் எந்தப் பெண்டாட்டிக்கும் தராத வாக்கு! பங்கஜத்தின் கையிலிருந்த அவரைக்காய் நாரோடு முறத்தில் விழுந்தது.

மறுநாள் மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டு, நெற்றி நிறைய விபூதியுடன் சிதம்பரநாதன் வந்தார். தெருவே கூடத்தில் நின்றது. பீர் முஹம்மது மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பலகைக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தார். எல்லோருக்கும் மோர் கொண்டுவந்த பங்கஜத்தின் இடது கட்டைவிரலில் ஈரத்துணி சுற்றியிருந்தது.

"விரல்ல இன்னா தங்கச்சி?"

"அரிவாமணை பட்டுடுச்சு பாய். நீங்க ரயிலைப் பாருங்க."

சிதம்பரநாதன் வாயாலேயே ஒரு விசில் அடித்தார். நொச்சிக்குப்பத்தில் கடலுக்குள் போன கட்டுமரமெல்லாம் அந்தச் சத்தத்துக்குக் கரை திரும்பியதாகக் கேள்வி. இன்ஜின் கிளம்பியது. வளைவை நெருங்கியது. தெரு மூச்சைப் பிடித்தது. சிதம்பரநாதன் கண்ணையே மூடிக்கொண்டார்.

மாட வீதியில் தேர் திரும்புவதைவிட நயமாகத் திரும்பியது இன்ஜின்! பின்னாலேயே பத்துப் பெட்டிகளும் திரும்பின. பத்து ரவுண்டு என்றவர் நாற்பது ரவுண்டு விட்டார். பிறகு, உள்ளே இடம் கிடைக்காதவர்களிடம் சேதி சொல்ல வாசலுக்கே ஓடினார். கூட்டமும் அவர் பின்னால் போனது.

பீர் முஹம்மது மட்டும் நகரவில்லை. குனிந்து, வளைவில் மூக்கு உரசும் அளவுக்குப் பார்த்தார். உள்பக்கத் தண்டவாளத்தை ஒட்டி வரிசையாகக் காலியான ஆணித் துளைகள். புது ஆணிகள் ஒவ்வொன்றும் சரியாகக் கால் நூல் தள்ளி. அவர் பார்வை மெல்ல நிமிர்ந்து, ஈரத்துணி சுற்றிய கட்டைவிரலில் போய் நின்றது.

"தங்கச்சி, நீங்களா?" குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்குத்தான் இந்த ரயிலைக் கண்டாலே ஆகாதே!"

"மெதுவா பாய்!" பங்கஜம் வாசலைப் பார்த்துக்கொண்டாள். "போன மாசம் ரயில் ரிப்பேர்னு மூணே நாள் சமையல்கட்டுல நின்னாரு. ரசம் நாலு நிமிஷம் லேட்டாம். ஏன் லேட்டுன்னு காரணத்தை எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுன்னாரு!"

வாசலிலிருந்து சிதம்பரநாதனின் குரல் வந்தது. "என்ன பாய், சத்தத்தையே காணோம்? ஓடிச்சா, இல்லையா? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க!"

பங்கஜம் கும்பிடாத குறையாக நின்றாள். பீர் முஹம்மது தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஓடிச்சு சார், சத்தியமா ஓடிச்சு!"