அடைக்கூடையில் வைத்த கல்

1982 ஆடியில் மல்லசமுத்திரத்து வெள்ளியங்கிரியின் கடலைக்காட்டில் வானத்திலிருந்து ஒரு கல் விழுந்தது. முட்டையளவுதான், தொட்டால் விரலில் கரி ஒட்டியது. கோழியை அடை வைத்தபோது, இடியில் முட்டை கெடாமலிருக்க வழக்கமாக வைக்கும் அடுப்புக்கரிக்குப் பதிலாக அதைக் கூடையில் போட்டாள் அவர் மனைவி வசந்தாமணி.

எல்லா முட்டைகளும் பொரிந்தன. கல்லைக் காணவில்லை. வைக்கோலில் உடைந்த கறுப்பு ஓடு ஒன்று கிடந்தது. அதைக் குப்பையில் புதைத்தாள், யாரிடமும் சொல்லவில்லை.

குஞ்சுகளை வாசலில் மேயவிட்ட முதல் நாள், பொழுது சாய்ந்ததும் அவை கூடைக்குள் அடைந்தன. தாய்க்கோழி மட்டும் வெளியே நின்று, கழுத்தைச் சாய்த்து, வானத்தைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

“ஏனுங்க, கூடைய மூடீரட்டுங்களா?”

வெள்ளியங்கிரியும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“இரு புள்ள. இன்னொண்ணு வரோணும்.”