பெயர் சொல்லிக் கேட்கும் சீட்டு

மகள் அபிநயா வாங்கிவந்த புதுச் சீட்டு விளையாட்டில், வேண்டிய சீட்டை வைத்திருப்பவரின் பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும். இல்லையென்றால் முறை போய்விடும்.

திலகவதி புருஷன் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. மூன்று முறை விட்டுக்கொடுத்தவள், நான்காவது முறை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தணிகாசலம், உங்ககிட்ட இருக்கற மயிலைக் குடுங்க."

விளையாட வந்திருந்த பக்கத்து வீட்டுத் தம்பதி கைதட்டினார்கள். அவரும் சிரித்தபடி கொடுத்தார்.

அடுத்தது அவர் முறை. ஜெயிக்க, அவள் கையிலிருந்த யானை ஒன்றுதான் பாக்கி.

"இந்தா, அந்த யானையக் குடு."

"பேர் சொல்லணும்ப்பா," என்றாள் அபிநயா.

இருபத்தெட்டு வருஷமாக அந்த 'இந்தா'வே அவருக்குப் போதுமாக இருந்தது. வாயைத் திறந்தார், மூடினார்.

யானையைப் பாதி நீட்டியபடி திலகவதி காத்திருந்தாள். அவளுக்கு அவசரமே இல்லை.